தராசு ஆடுகிற வீடு

ராமப்பன் இறக்கி வைத்த சாமந்தி மூட்டை முதலில் இருபத்து மூன்று கிலோ நானூறு காட்டியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் இருபத்து இரண்டு தொள்ளாயிரம் ஆனது. பிறகு ஒரே தாவாகத் தாவி இருபத்து நான்கைத் தொட்டது. மூட்டை என்னவோ வைத்த இடத்தில் வைத்தபடிதான் கிடந்தது.

"ஏனிது, நஞ்சக்கா?" என்று கன்னடத்தில் ஆரம்பித்த ராமப்பன், சுற்றி நின்றவர்களுக்கும் புரியட்டும் என்று தமிழுக்கு மாறினார். "இதுல எந்த எடைய நான் நம்பறது? நீயே சொல்லு."

நஞ்சம்மா தராசின் தட்டைத் தட்டிப் பார்த்தாள். இருபத்தாறு வருடமாக ஓசூரில் பூ எடை போடுகிறவள். நஞ்சம்மா தராசு என்றால் பாகலூரிலிருந்து ராயக்கோட்டை வரை யாரும் மறுபேச்சு பேசியதில்லை. அப்படிச் சம்பாதித்த பெயரைத்தான் மூன்று மாதமாக அந்தத் தராசே கேலி செய்துகொண்டிருந்தது.

"கோவிச்சுக்காதக்கா. இன்னிக்கு ஒரு நாள் வேற மண்டியில போட்டுக்கறேன்" என்று ராமப்பன் மூட்டையைத் தன் வண்டிக்கே திருப்பி எடுத்துக்கொண்டார். சண்டை போட்டிருந்தால்கூட நஞ்சம்மாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவள் திரும்பி, வாசற்படியில் காபி டம்ளரோடு நின்ற மருமகள் அனிதாவைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து மொட்டை மாடியைப் பார்த்தாள்.

"பத்து மணிக்கு எலக்ட்ரீசியன் பரமசிவம் வர்றான். அந்தக் கம்பி இன்னிக்கு எறங்கணும். அவ்ளோதான்."

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அந்தக் கம்பியின் கதை தெரியும். வழியில் ஏறிக்கொண்டவர்களுக்காக நாலு வரி.

அனிதா கோவில்பட்டிக்காரி. டிப்ளமோ முடித்த கையோடு ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்து, அங்கேயே வேலை பார்த்த சுரேந்தரைக் கைப்பிடித்து, நஞ்சம்மாவுக்கு மருமகளானவள். பரீட்சை எழுதி அரசாங்க உரிமம் வாங்கி, ஹாம் ரேடியோவில் பேசுகிறவள். மாடியில் இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே துணிக்கொடி மாதிரி இழுத்துக் கட்டிய செம்புக் கம்பிதான் அவளுடைய ஏரியல். காலை ஆறே முக்காலுக்கு அவள் மைக்கை எடுத்தால் கோயம்புத்தூர், தூத்துக்குடி, பெங்களூரு என்று பத்துப் பேர் வணக்கம் சொல்வார்கள். வீட்டு முன்கொட்டகையில் பூ எடை போடுகிற நேரமும் அதேதான். தராசு ஆட ஆரம்பித்ததும் பழி யார் தலையில் போய் உட்கார்ந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

அனிதா மூன்று நாள் ரேடியோவில் வாயையே திறக்காமல் இருந்து பார்த்தாள். தராசு ஆடியது. போன செவ்வாய்க்கிழமை சுரேந்தர் மெயின் சுவிட்சையே அணைத்துப் பார்த்தான். பேட்டரியில் ஓடிய தராசு அப்போதும் ஆடியது. ஆக, கோளாறு வீட்டு கரண்டில் இல்லை, வெளியில்தான் என்று முடிவானது. அனிதா தெருவில் இறங்கி, இரண்டு கதவு தள்ளியிருந்த வெல்டிங் பட்டறையில் போய் நின்று, குருமூர்த்தியின் மெஷின்தான் காரணம் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தாள். அன்று அவர் பட்டறையில் காலையிலிருந்து வெல்டிங்கே நடக்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. போன வாரம் அவள் தலையைக் குனிந்துகொண்டு வீடு வந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

நஞ்சம்மாவின் தீர்ப்பு ஒரே வரியில் வந்தது. "நீ பேசாட்டி என்னா? கம்பி இருக்குதில்ல? அது சும்மா கெடந்தாலும் இழுக்கும்."

எதை இழுக்கும் என்று கேட்கிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது சுரேந்தர் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே, "கொஞ்ச நாள் எறக்கி வெச்சுட்டு அப்பறமா பார்த்துக்கலாம் அனிதா" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

கொஞ்ச நாள் என்று இறக்கிய எந்தச் சாமான் திரும்ப மேலே ஏறியிருக்கிறது? நகையில்லை, சீரில்லை, அந்த ஒரு கம்பிதான் இந்த வீட்டில் அனிதா தானாகச் சம்பாதித்துக் கட்டியது. விடிந்ததும் பத்துப் பேர் அவளை அவளுடைய பெயருக்காகக் கூப்பிடுகிற இடம் அது ஒன்றுதான். அதை அவிழ்த்து ஒரு சாக்கில் சுருட்டி வைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் ஆகாது. இன்று அவளுக்கு இரண்டாம் ஷிப்டு என்பதால் ஒன்றரை மணி வரை வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.

மாதாமாதம் வருகிற பராமரிப்பு நிறுத்தம்தான். மிக்ஸி, மோட்டார், எதிர் வீட்டு டிவி எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டதில், தெருவில் கீரை விற்கிறவள் பேசுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. அனிதாவுக்கு என்ன தோன்றியதோ, அலமாரியிலிருந்த சின்ன டிரான்சிஸ்டரை எடுத்து, எந்த நிலையமும் வராத இடத்தில் முள்ளை வைத்து, ஒலியைக் கூட்டினாள்.

கர்ர்ர்ர் என்றது.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. பிறகு யார் கத்துகிறது? மூன்று மாதமாக எஃப்.எம். பெட்டியிலும் அவளுடைய ரேடியோவிலும் கேட்கிற அதே கரகரப்பு, ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டது.

டிரான்சிஸ்டரோடு தெருவில் இறங்கினாள். பட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்த குருமூர்த்தி அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இன்னிக்கும் நான்தானா? மெஷின் பொணம் மாதிரி கெடக்குது, நல்லா பார்த்துக்கோ."

"ஐயோ அண்ணே, மன்னிச்சிருங்க. அன்னைக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு. மன்னிப்புக் கேக்கணும்னு நாலு நாளா நெனச்சிக்கிட்டே இருந்தேன்."

"அத விடு. அந்தப் பெட்டிய கொஞ்சம் இப்பிடித் திருப்பு." குருமூர்த்திக்குக் கோபத்தைவிட ஆர்வம் பெரிது. "ம்... பார்த்தியா? என் பக்கம் காட்டினா சத்தம் கம்மி ஆவுது. இப்ப உங்க வூட்டுப் பக்கம் காட்டு."

காட்டினாள். கரகரப்பு ஏறியது.

"நடந்துகிட்டே போ" என்றார் அவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு.

இரண்டடி வைத்தாள், ஏறியது. கேட்டைத் தாண்டினாள், இன்னும் ஏறியது. கொட்டகைக்குள் தராசுக்குப் பக்கத்தில் போனபோது காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. தராசை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் பூஜை அறை. தராசு சாமியின் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்பது கடை ஆரம்பித்த நாளிலிருந்து நஞ்சம்மாவின் சட்டம்.

அனிதா உள்ளே ஓடினாள்.

பூஜை அறையில் வெங்கடாசலபதி படத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. தெருவே இருட்டானாலும் அவருக்கு மட்டும் குறையில்லை. பூஜை அறைக்கென்று இன்வெர்ட்டரிலிருந்து தனி லைன். அது ராத்திரி பகல் அணையக் கூடாது. டிரான்சிஸ்டரை முதலில் மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்வெர்ட்டரிடம் காட்டினாள். முனகியது. படத்தின் கீழே செருகியிருந்த, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு அடாப்டரிடம் கொண்டுபோனாள். டிரான்சிஸ்டர் அலறியது.

உடனே சுரேந்தருக்கு போன் போட்டாள்.

"செவ்வாக்கெழம எல்லாத்தையும் ஆஃப் பண்ணினேன்னு சொன்னீங்கல்ல?"

"மெயினையே ஆஃப் பண்ணேனே."

"சாமி ரூமு?"

"சாமி ரூம யாராச்சும் ஆஃப் பண்ணுவாங்களா?" என்றான் சுரேந்தர், அவள் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

அவனைக் குறை சொல்ல அனிதாவுக்கு வாய் வரவில்லை. அவளும்தான் தெருத்தெருவாக அலைந்தாள். அவளுக்கும்தான் வீட்டைச் சோதிப்பது என்றால் ஹாலும் சமையலறையும் படுக்கையறையும் என்றுதான் தோன்றியது. பூஜை அறை வீட்டுக் கணக்கிலேயே வரவில்லை.

காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? படம் நாத்தனார் சுப்ரியா கொடுத்தது. சுரேந்தரின் தங்கை, ராயக்கோட்டையில் வாக்கப்பட்டவள், வீட்டுக்கு ஒரே செல்லப் பெண். தை மாதம் புதுவீடு கட்டிக் குடிபோனபோது தாம்பூலத்தோடு தந்த படம் அது. மகள் கையால் வந்த சாமி என்று நஞ்சம்மா தினமும் முதல் பூவை அதற்குத்தான் சாத்துகிறாள். தராசு கெட்டதற்குச் சாமியையும் மகளையும் சேர்த்துக் கைகாட்டினால், மருமகளாகப்பட்டவள் கதி என்னாவது?

மாடியில் தடதடவென்று காலடி கேட்டது. பரமசிவம் வந்துவிட்டான். கரண்ட் இல்லாத நேரம் பார்த்து வேலையை முடித்துவிடலாம் என்று சீக்கிரமே வந்திருக்கிறான்.

"இந்தப் பக்கத்து முடிச்ச அவுத்துட்டேங்க்கா!" என்று மேலிருந்து குரல் வந்தது.

அனிதா யோசிப்பதை நிறுத்தினாள்.

"அத்தை! செத்த இங்கன வாங்க!"

பதறினால் அவளுக்குக் கோவில்பட்டித் தமிழ் தானாக வந்துவிடும். கொல்லையைக் கூட்டிக்கொண்டிருந்த நஞ்சம்மா துடைப்பத்தோடு வந்து பூஜை அறைக்கு வெளியே நின்றாள். அனிதா டிரான்சிஸ்டரைத் தூரத்தில் வைத்துக் காட்டினாள், பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினாள்.

நஞ்சம்மாவின் முகம் இறுகியது. "சாமி மேலயே பழி போடறயா நீ?"

"சாமி மேல இல்லத்தை. இந்தக் கறுப்பு டப்பா மேல. மட்டமான டப்பா. ஒழுங்கா செஞ்சிருந்தா சத்தம் போடாது. அது போடுத சத்தம் சுவரத் தாண்டி நம்ம தராசுக்குப் போவுது. நான் சொல்லுதத நம்ப வேண்டாம். நீங்களே ஒரு தடவ பாருங்க. அப்புறமும் ஆடுச்சுன்னா, மேல போய் என் கையாலயே கம்பிய அவுத்துருதேன்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்கு உறைத்தது. வேறு ஏதாவது ஒன்றும் சேர்ந்து கெடுத்துக்கொண்டிருந்தால்?

நஞ்சம்மா படத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு துடைப்பத்தை ஓரமாகப் போட்டாள், கை கால் கழுவி வந்தாள். அலமாரியிலிருந்து குத்துவிளக்கை எடுத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டு ஏற்றிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். சுடர் நின்று எரிகிறதா என்று பார்த்தாள். "கோவிந்தா, தப்பா நெனக்காத" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, அடாப்டரைப் பிடுங்கினாள்.

சிவப்பும் பச்சையும் நின்றன. விளக்கு வெளிச்சத்தில் பெருமாள் கொஞ்சம் நிம்மதியாகவே தெரிந்தார். டிரான்சிஸ்டர் மூச்சுக் காட்டவில்லை.

நஞ்சம்மாவோ டிரான்சிஸ்டரை நம்புகிறவள் இல்லை. கொட்டகைக்குப் போய், முத்திரை போட்ட ஐந்து கிலோ எடைக்கல்லைத் தூக்கித் தராசில் வைத்தாள். ஐந்து கிலோ. பத்து எண்ணினாள். ஐந்து கிலோ. இருபது எண்ணினாள். அப்போதும் ஐந்து கிலோதான்.

"போய் அத மறுபடி செருவு" என்றாள்.

அனிதா செருகினாள். "ஆடுது" என்று குரல் வந்தது.

"புடுங்கு." பிடுங்கினாள். "நின்னுச்சு."

"செருவு."

பூ வியாபாரி ஒரு தடவை பார்த்து எதையும் ஒத்துக்கொள்வதில்லை. நாலு தடவை செருகி, நாலு தடவை பிடுங்க வைத்தாள். கடைசித் தடவை ஆடுது, நின்னுச்சு என்று குரல் கொடுக்காமல் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். குருமூர்த்தி கேட்டுக்கு வெளியே நின்று, கல்யாண வீட்டில் தாலி கட்டுவதைப் பார்க்கிற மாதிரி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நஞ்சம்மா எடைக்கல்லை இறக்கி வைத்தாள். முந்தானையால் தராசின் தட்டைத் துடைத்தாள். அது பளபளப்பான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். அனிதா எதிரில் வந்து நின்றபோது அவள் நிமிரவில்லை.

"மூணு மாசமா உன்ன வெரட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள் தட்டைப் பார்த்தே. "எடைய தப்பா சொன்னா நான் பொறுப்பேனா? உன்ன மட்டும் தப்பா எடை போட்டுட்டேன்."

"விடுங்கத்தை."

"விடறதெல்லாம் அப்பறம்." நஞ்சம்மா வாசலுக்கு வந்து, கைகளை வாயருகே குவித்துக்கொண்டு மாடியைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "ஏய் பரமசிவம்! அவுத்தத மறுபடி கட்டுறா! அந்த மூங்கில் பத்தாது. நம்ம வாழத்தோட்டத்துல இரும்புப் பைப்பு கெடக்குது, அத எடுத்தாந்து நட்டு, முன்ன இருந்ததவிட ஒசரமா கட்டு!"

"அக்கா, எறக்கத்தானே சொன்னீங்கோ?"

"இப்ப ஏத்தச் சொல்றேன். உனுக்கு கூலி ரெண்டு வேலைக்கும் உண்டு, பேசாம செய்!"

அனிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எது முன்னால் வரட்டும் என்று தெரியாமல் சமையலறைக்குள் போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தாள்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு பண்டிகைச் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது. ராகிக் களிக்கு அவரைக்காய்க் குழம்பு. நஞ்சம்மா மருமகளின் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். இடது கையில் போனை எடுத்து ராமப்பனைக் கூப்பிட்டாள்.

"ராமப்பா, தராசு சரியாயிடுச்சு. நாளைக்கு வா. இந்தா கேளு, சுப்ரியா வூட்டு விசேசத்துல குடுத்தாளே ஒரு லைட்டு படம், அத எங்க மாட்டி வெச்சிருக்க?"

மறுமுனையில் ராமப்பன் பேசப் பேச நஞ்சம்மாவின் கண்கள் விரிந்தன. போனை வைத்துவிட்டு, "மோட்டார் ரூமுல மாட்டியிருக்கானாம்" என்றாள். "போன்லயே மோட்டார் போடறதுக்கு ஒரு டப்பா வாங்கி வெச்சானே, தை மாசத்துலருந்து அது கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்குதாம். டப்பா கம்பெனிக்காரனோட தினம் சண்டையாம்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடி களித் தட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்யாணமாகி வந்த நாலு வருடத்தில் மாமியாரோடு இப்படிச் சிரித்தது அனிதாவுக்கு இதுதான் முதல் தடவை.

சிரித்து முடித்த பிறகு அனிதா மெல்லக் கேட்டாள். "அத்தை, விசேசத்துக்கு மொத்தம் எத்தன பேருக்குக் குடுத்தா சுப்ரியா?"

"எறநூறு பேருக்கு மேல இருக்கும்" என்ற நஞ்சம்மா, சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். "யம்மா! ராயக்கோட்டையே கரகரன்னு இருக்குமே."

ஒன்றேகால் ஆனது. அனிதா கம்பெனிச் சீருடையில், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாடியில் இரும்புக் குழாய் எழுந்து நின்றது. புதிதாக இழுத்துக் கட்டிய கம்பி வெயிலில் மின்னியது. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைவிட உயரம். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனசு நிறைந்து கிடந்தது.

அப்போதுதான் கேட்டில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கினவள் சுப்ரியா. சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். ஆட்டோக்காரர் பின்சீட்டிலிருந்து இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளை இறக்கினார்.

"அண்ணி! ஷிப்டுக்குக் கெளம்பிட்டீங்களா? ஒரு நிமிசம், இதப் பார்த்துட்டுப் போங்க!" சுப்ரியாவின் முகமெல்லாம் சிரிப்பு. "அந்த லைட்டு படத்த எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தாங்களா, நானே மொத்தமா வாங்கி விக்கறதுன்னு எறங்கிட்டேன். அவர் வேணாம்னாரு, நான் கேக்கல." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அம்மா, பூ போட வர்றவங்க எல்லாம் வாங்குவாங்கல்ல? தராசு பக்கத்துலயே அடுக்கி வெச்சிடலாம்!"

அனிதா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். தான் ஒரு வார்த்தை சொன்னால் அது அண்ணி சொன்ன வார்த்தையாக ராயக்கோட்டை வரை போகும். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

நஞ்சம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மகளைப் பார்த்தாள், பெட்டிகளைப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்கப் போன ஆட்டோக்காரரைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அங்கயே இருக்கட்டும்ப்பா." பிறகு மகளிடம், குரலை உயர்த்தாமல் சொன்னாள். "நீ உள்ள வந்து சாப்புடு கண்ணு. பெட்டி உள்ள வராது. இந்த வூட்டுக்குள்ள இனிமே கரண்டுல ஓடற சாமான் எது வந்தாலும், உங்க அண்ணி பார்த்து சரின்னு சொன்னாத்தான் வாசப்படி தாண்டும்."

சுப்ரியாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அம்மாவைப் பார்த்தவள், மெதுவாகத் திரும்பி அனிதாவைப் பார்த்தாள்.

"அண்ணி சொன்னாத்தானா?" என்றாள்.

பஸ் இன்னொரு தடவை ஹாரன் அடித்தது.

"நீ போ அனிதா, பஸ்சு போயிடும்" என்றாள் நஞ்சம்மா. "இங்க நான் பேசிக்கறேன்."